தேங்காய்ப்பூவும் பான்கேக்கும்

காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். யாழ்ப்பாணத் தீவகத்தின் சாட்டியிலிருந்தோ வேலணையிலிருந்தோ பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணப் பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை, ஆறரைக்கு முன்பின்னாகப் பஸ் தரிப்பில் நிற்க வேண்டும். அதற்கு முன்னர் அந்தப் பிள்ளையின் வயிற்றில் என்ன இறங்குகிறது என்பதுதான் கேள்வி. மேற்கு நாடுகளில் இதற்குக் கடைகள் வைத்திருக்கும் விடைகளில் ஒன்று உறைந்த பான்கேக். பெட்டியிலிருந்து மூன்றை எடுத்து, ஒன்றிரண்டு நிமிடம் மைக்ரோவேவில் சூடாக்கி, மேலே சிரப்பை ஊற்றினால் காலைச் சாப்பாடு முடிந்தது. அதன் ஒன்றுவிட்ட சகோதரங்களான உறைந்த பரோட்டாவும் ரோல்ஸும் இலங்கை நகரங்களின் பல்பொருள் அங்காடிகளுக்கு வந்து கன காலம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள நம்மவர் கடைகளில் உறைந்த இடியப்பமும் பிட்டும் கிடைக்கின்றன. ஆகவே தீவகத்துக் குடும்பத்துக்கும் இது ஒரு வழியா என்று கேட்பதில் தவறில்லை. இதைச் சோம்பல், சீரழிவு என்று ஒழுக்கப் பிரச்சினையாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் ஓர் இடியப்பமும் அவியாது. கணக்குப் பார்க்க வேண்டியது வேறொன்றை: சமையல் என்கிற நீண்ட வேலையை முதல் நாளே எந்த இடம் வரைக்கும் செய்து நிறுத்தி வைத்தால் விடியற்காலையில் கூடுதலான நேரம் மிஞ்சும்?

பான்கேக்கின் கதையே இதற்கு நல்ல சாட்சி. 1889இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் சென் ஜோசப் நகரில் ஆயத்தப் பான்கேக் மா விற்பனைக்கு வந்தது. அங்கே வேலை மாவோடு நிறுத்தப்பட்டது. கரைத்துச் சுடுவது வீட்டாரின் பாடு. 1920களில் கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்பவர், லாப்ரடோர் குளிரில் பிடித்த மீன் பிடித்த கையோடு உறைவதையும், உருக்கிச் சமைத்தால் அதன் சுவை கெடாததையும் கண்டு வந்து, விரைவாக உறையவைக்கும் முறையை வணிகமாக்கினார். 1953இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்து ஃபிராங்க் டோர்சா உறைந்த வாஃபிளைக் கடைக்குக் கொண்டுவந்தார். அதுதான் பிறகு எகோ என்று பெயர் எடுத்தது. மாவில் நின்ற வேலை சுட்டு முடித்த பண்டத்துக்கு நகர்ந்தது. அந்த நகர்வு அங்கே வெற்றிபெற்றதற்கு வீடுதோறும் வந்த பிறீசரையும் தடைப்படாத மின்சாரத்தையும் எல்லோரும் காரணம் சொல்வார்கள். அவ்வளவாக யாரும் சொல்லாத இன்னொரு காரணம் இருக்கிறது. பான்கேக்குக்குத் துணையாகிற பண்டம் ஏற்கெனவே போத்தலில் இருந்தது. காலையில் எழுந்து மேப்பிள் மரத்தில் துளையிட்டுப் பால் இறக்கிக் காய்ச்சுகிற அமெரிக்கத் தாயை யாரும் கண்டதில்லை. சம்பலும் சொதியும் அங்கே மேசையில் மூடி திறந்தபடி நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். பான்கேக்கை உறையவைத்தபோது மிஞ்சியிருந்த ஒரே வேலையும் தீர்ந்துபோனது. அதே பிறீசரை இடியப்பத்துக்குக் கொண்டுவந்தால் அதே பயன் கிடைக்குமா என்பதை இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து அடுக்களை வேலையை இடையில் நிறுத்தத் தெரியாத அடுக்களையல்ல. அரிசியை ஊறவைத்து இடித்து வறுத்து வைத்தால் அந்த மா மாதக்கணக்கில் இருக்கும். கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூடு ஆறமுன் கட்டியுடைத்து அரித்துத் தகரத்தில் போட்டு வைப்பது இன்றைக்கும் வீடுகளில் நடக்கிற வேலை. இந்த அவித்தலில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆவியின் சூட்டில் கோதுமையின் பசைப்புரதம் இழுபடும் தன்மையை இழந்துவிடும். அதனால்தான் பச்சை மாவில் ரொட்டியாக இழுபடுவது, அவித்த மாவில் உரலின் கண் வழியே இழையாக இறங்குகிறது. நீத்துப்பெட்டியில் உதிரியாக நிற்கிறது. ஒடியல் இன்னும் பழைய ஏற்பாடு. பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயப்போட்டால் மின்சாரம் எதுவுமில்லாமல் அடுத்த பருவம் வரை பழுதுபடாது. இடித்தால் பிட்டுக்கு மா, கூழுக்கு மா. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பட்டினத்தில் கோதுமை மா அருந்தலானபோது பலருடைய பானையில் ஏறியது இந்த மாதான். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழமை தெரியும். நம்மவர்கள் வேலையை நிறுத்தியது மாவில். அதைக் காத்தது வெயிலும் நெருப்பும். கடைசிக் கட்டமான பிழிதலும் அவித்தலும் அன்றன்று நடந்தன. பிறீசர் பொதி கேட்பது அந்தக் கடைசிக் கட்டத்தையும் முதல் நாளுக்கே, அல்லது முதல் மாதத்துக்கே, தள்ளிவிடச் சொல்லி.

தள்ளினால் பண்டம் தாங்குமா? தாங்கும் என்பதே நேர்மையான விடை, ஆனால் நிபந்தனைகளோடு. வெந்த மாப்பொருள் ஆறும்போது தண்ணீரை வெளியே விட்டுவிட்டு மறுபடி இறுகத் தொடங்கும். நேற்றைய சோறு இன்று விறைப்பதும் பாண் பழசாவதும் இதனால்தான். பூச்சியம் பாகைக்குச் சற்று மேலே, பிறிட்ஜின் சாதாரணத் தட்டில், இந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கிறது. ஆகவே மிஞ்சிய இடியப்பத்தைப் பிறிட்ஜில் வைக்கிறவர் அதை மேசையில் வைத்ததைவிட விரைவாகக் கயிறாக்குகிறார். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் அந்த இறுக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். மீண்டும் ஆவி காட்டினால் இறுகியதில் பெரும்பகுதி இளகிவிடும். பான்கேக்கில் முட்டை, பால், கொழுப்பு, சீனி எல்லாம் மாப்பொருளுக்குக் குறுக்கே நின்று இறுக்கத்தைத் தடுக்கின்றன. இடியப்பத்தில் இருப்பது மாவும் தண்ணீரும் உப்பும்தான். இருந்தும் இழை மெல்லியது என்பதால் விரைவாக உறைந்து, விரைவாகச் சூடேறி, ஓரளவு பழைய நிலைக்கு வருகிறது. தொழிற்சாலையில் கடுங்குளிர் காற்றை அடித்து நிமிடங்களில் உறையவைப்பதை வீட்டுப் பிறீசர் மணிக்கணக்கில் செய்கிறது. அதனால் பனித்துகள் பெருத்து இழை உடைகிறது. கடைப் பொதி வீட்டில் உறையவைத்ததைவிட நன்றாக இருக்கிறது என்று புலம்பெயர்ந்தவர்கள் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. ஆகவே பண்டத்தின் தரத்தை வைத்து உறைந்த உணவை விலக்கி வைக்க முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது.

நாலு பேர் உள்ள வீட்டில் அவித்த மா கைவசம் இருந்தால், கொதிதண்ணீர் விட்டுக் குழைத்துப் பிழிந்து அவித்தெடுக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை போகும். உறைந்த பொதியென்றால் பத்து நிமிட ஆவி போதும். மிச்சம் ஏறத்தாழ அரை மணி. விடியற்காலை அரை மணி என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் வெறும் இடியப்பத்தை எந்தப் பிள்ளையும் தின்னாது. தேங்காய் உரிக்க வேண்டும், உடைக்க வேண்டும், திருவலையில் குந்தித் திருவ வேண்டும். ஒரு பங்கு சம்பலுக்கு, மறு பங்கு பிழிந்து சொதிக்கு. வெங்காயம் மிளகாய் அரிந்து, சொதி திரையாமல் பக்கத்தில் நின்று கிண்டி இறக்க வேண்டும். இது இன்னொரு அரை மணி. அதுவும் பிசுக்கான, கையைக் கட்டிப்போடுகிற அரை மணி. இடியப்பம் ஆவியில் இருக்கும்போது வேறு வேலை பார்க்கலாம், திருவலையில் இருந்துகொண்டு பார்க்க முடியாது. உறைந்த இடியப்பப் பொதி இந்த இரண்டாவது அரை மணியைத் தொடுவதேயில்லை. மேற்கில் பான்கேக் தீர்த்தது கடைசிச் சிக்கலை. இங்கே இடியப்பப் பொதி தீர்ப்பது பாதிச் சிக்கலை, அதுவும் இலகுவான பாதியை. தேங்காய்ப்பால் மா என்ற பொருள் நகரத்து வீடுகளில் நிலைத்ததற்குக் காரணம் அது சரியான முடிச்சில் கைவைத்ததுதான். சொதிக்கு உதவும் அந்த மா சம்பலுக்கு உதவாது என்பது அதன் எல்லை.

இனித் தீவகத்தின் நிலைமை. வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் மின்சாரம் பெருநிலத்து வலையமைப்பிலிருந்து வருகிறது. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் ஒன்றுக்கு இந்திய நன்கொடையில் 2022 மார்ச்சில் புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதி, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் வழங்கினார்கள். வலையமைப்பு உள்ள இடத்திலும் நிம்மதி எப்போதும் இருந்ததில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் இலங்கை முழுவதும் இருண்டது. நிறையப் பொருள் அடைத்த பிறீசர், கதவு திறக்காவிட்டால், இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். பாதி நிரம்பியது ஒரு நாள். ஆகவே மின்வெட்டு ஒன்றே பொதியைக் கெடுத்துவிடும் என்று சொல்வது மிகை. உறுத்துவது கட்டணம். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியது. பிற்பாடு குறைப்புகள் வந்தாலும், பிறீசரை ஒரு வசதியாக எண்ணாமல் ஒரு செலவாக எண்ணும் பழக்கம் அந்த இரண்டு ஆண்டுகளில் பல வீடுகளில் ஊன்றிவிட்டது. அதைவிடப் பெரிய தடை பாதையில் இருக்கிறது. தீவகத்துக் குளிர்ப்பாதை ஒரு திசையில்தான் ஓடுகிறது. ஐஸ் போட்ட பெட்டிகளில் மீனும் நண்டும் இறாலும் தீவிலிருந்து பட்டினத்துக்குப் போகின்றன. எதிர்த்திசையில், பட்டினத்துக் கடையிலிருந்து குறிகட்டுவான் துறைக்கும், அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம் நெடுந்தீவுக்கும், 18 பாகைக் குளிர் குலையாமல் ஒரு பொதியைக் கொண்டுபோக ஏற்பாடு ஒன்று தேவை. உருகி மறுபடி உறைந்த இடியப்பம் இடியப்பமாக இராது, களியாகத்தான் வரும்.

மாட்டுப்பால் தேநீரோடு நின்றுவிடாத காலைச் சாப்பாட்டுக்கு விரைவான வழிகள் தீவகத்தில் முன்பு இருந்ததில்லையா என்றால், மூன்று இருந்தன. ஒன்று பழஞ்சோறு. இரவுச் சோற்றையும் மிஞ்சிய கறிகளையும் சேர்த்துக் குழைத்து உருண்டை பிடித்துப் பிள்ளைகளின் கையில் வைக்கும் குழையலுக்குச் சமையல் நேரம் பூச்சியம். இரண்டாவது பாண். 1942இல் பர்மா யப்பானிடம் விழுந்து அரிசி வரத்து நின்றபோது கோதுமை மா பங்கீட்டுக்குள் நுழைந்தது. 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு அது நாட்டின் அன்றாட மாவாகவே ஆகிவிட்டது. இன்று இலங்கையின் தெருக்களில் பேத்தோவனின் இசையை ஒலித்தபடி வருகிற பாண் ஓட்டோ வீட்டு வாசலில் நிற்கும். உறைந்த பொதி தருகிற விரைவை, குளிரில்லாமலே, அது தருகிறது. மூன்றாவது, அயல் வீட்டில் அவித்துக் கடைக்குக் கொடுக்கிற இடியப்பம். எண்ணிக்கைக் கணக்கில் வாங்கலாம், சம்பலும் சொதியும் பையில் கட்டித் தருவார்கள். இந்த மூன்றாவது வழியைக் குறித்துக்கொள்ள வேண்டும்: நான்கு மணிக்கு எழும்பி அவிக்கிற ஒரு பெண்ணுக்கு அது கூலி. போரில் துணையை இழந்த எத்தனையோ வீடுகளை அந்த இடியப்பத் தட்டு தூக்கி நிறுத்தியிருக்கிறது. தீவகத்தார் இந்த வணிகத்துக்குப் புதியவர்களும் அல்லர். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து, பிறருக்கு ஆயத்தக் காலைச் சாப்பாடு விற்றே வீடு கட்டிய ஊர்கள் புங்குடுதீவும் அயல் தீவுகளும். வாங்கிச் சாப்பிடுவது பண்பாட்டுக்கு ஆகாது என்கிற வாதம் அந்த ஊர்களில் எடுபடாது.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு வரும், வர வேண்டும். மாவை அவித்து வைப்பதும் ஒடியல் காயப்போடுவதும் யாருடைய முதுகில் ஏறிய வேலை? இடையில் நிறுத்தும் கலை என்று புகழப்படுவது, பெண்ணின் விடுமுறை நாளையும் பறித்த வேலைதானே? தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையின் பெரும்பங்கு பெண்களுடையது என்பதை எண்ணிலும் காட்டியது. இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. விடுதலை பொதிக்குள் இருக்கிறது என்று மட்டும் இதிலிருந்து முடிவாகாது. மாவை அரைத்து அவித்துப் பொதி செய்வது இப்போது ஆலையும் சிறுதொழிலும் செய்கிற வேலை. வறுத்த சிவப்பரிசி மா, அவித்த கோதுமை மா, ஒடியல் மா எல்லாம் கடையில் வாங்கலாம். நடுக்கட்டத்தை வெளியே கொடுத்தாயிற்று. மிஞ்சியிருப்பது பிழிதலும் திருவுதலும். பிழிதலை அயல்வீட்டுப் பெண் காசுக்குச் செய்கிறாள். உறைந்த பொதி அவளுடைய இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். வாங்குகிற வீட்டுப் பெண்ணின் திருவலைக்குக் கிட்ட அது போகாது. வீட்டு ஆண் ஒருவர் எழும்பித் தேங்காய் திருவினால் எந்தப் பொதியையும்விடக் கூடுதலான நேரம் மிஞ்சும் என்பது இந்த ஆய்வுக்கு வெளியே உள்ள தகவல், ஆனாலும் தகவல்.

ரொறன்ரோவில் வேலை செய்கிற ஏற்பாடு வேலணையில் ஏன் வேலை செய்யாது என்பது அடுத்த கேள்வி. 1990, 1991ஆம் ஆண்டுகளில் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது பெயர்ந்தவர்களில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. பலருடைய பிள்ளைகள் இன்று ஸ்காபரோவிலும் பாரிஸிலும் வளர்கிறார்கள். அங்கே இடியப்பம் காலைச் சாப்பாடு என்பதைவிட இரவுச் சாப்பாடாகவே பெரும்பாலும் இருக்கிறது. காலையில் பிள்ளை சீரியலோ பாணோ பான்கேக்கோ சாப்பிட்டுவிட்டுப் போகிறது. அவர்களுடைய பிறீசரில் இடியப்பப் பொதி இருப்பதற்குக் காரணம் விரைவு மட்டுமல்ல: பக்கத்துத் தெருவில் உரலும் தட்டுமாக ஒருவர் இல்லை, குளிர்காலத்தில் போய் வாங்கி வரவும் மனம் வராது. கூலி அங்கே விலை கூடியது, மின்சாரம் ஒப்பீட்டளவில் மலிவு. இங்கே அந்தத் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஆகவே அது அங்கே நல்ல தீர்வுதான். அந்தத் தீர்வைக் கொண்டாடுகிறவர்கள் கவனிக்காத ஒன்று, அதே பிறீசரில் இடியப்பப் பொதிக்குப் பக்கத்தில் கிடக்கிற இன்னொரு பொதி. அதற்குப் பிறகு வருவோம்.

பெங்களூரில் நடந்ததும் பொருந்தி வருகிறது. 2005இல் பி. சி. முஸ்தஃபாவும் அவருடைய உறவினர்களும் தொடங்கிய ஐடி ஃபிரெஷ் நிறுவனம் இட்லியைச் சுட்டோ அவித்தோ உறையவைத்து விற்று வளரவில்லை. அரைத்த ஈர மாவைக் குளிரில் வைத்து விற்று வளர்ந்தது. இட்லியில் சுமையான கட்டம் ஊறவைத்தலும் அரைத்தலும் புளிக்கவிடுதலும். அந்த முடிச்சை அவிழ்த்ததும் மிச்சத்தை வீடுகள் தாமே பார்த்துக்கொண்டன. தமிழ்நாட்டுத் தெருக்கடைகளில் பொதியில் விற்கும் தோசை மாவும் இதே உண்மையைத்தான் சொல்கிறது. எந்தக் கட்டம் முதுகை ஒடிக்கிறதோ அந்தக் கட்டத்தை வாங்க மக்கள் காசு கொடுக்கிறார்கள். அது பண்டத்துக்குப் பண்டம் மாறும்: பான்கேக்குக்குச் சுடுதல், இட்லிக்கு அரைத்தல், யாழ்ப்பாணத்து இடியப்பத்துக்குத் தேங்காய்.

உடல்நலப் பேச்சை நீட்ட வேண்டியதில்லை. உறைந்த பான்கேக் மூன்றில் உள்ள சோடியம், உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு எல்லையாகச் சொல்லும் 2000 மில்லிகிராமில் ஏறத்தாழ நாலில் ஒன்று வரை போகும். சிரப் ஊற்றினால் சீனி தனி. சம்பலிலும் சொதியிலும் நாம் போடுகிற உப்பை நிறுத்துப் பார்த்தவர்கள் இதை வைத்து அதிகம் சண்டை பிடிக்கமாட்டார்கள். கிருமி என்று வந்தால் பிறீசர் பக்கமே நியாயம். வெக்கையில் இரவு முழுதும் மூடி வைத்த சோற்றைவிட உறைந்த பொதி பாதுகாப்பானது. பிள்ளைகள் விரும்புகிறார்களே என்பதும் உண்மை. இனிப்பை விரும்பாத பிள்ளை எது? தேங்காயும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிய பான்கேக் நம்முடைய தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் இருக்கிறது. கோதுமை மாவில் மஞ்சள் போட்டுச் சுடும் யாழ்ப்பாணத் தோசையைப் பான்கேக் என்று சொல்லிக் கொடுத்தால் தின்னுகிற பிள்ளையும் இருக்கும்.

2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. 2024 இறுதியில் தேங்காய் ஒன்றின் விலை இருநூறு ரூபாயை எட்டியபோது சம்பலே ஆடம்பரமானது. இப்படி விலை குதிக்கிற நாட்டில் மலிந்த வாரத்தில் வாங்கி வைக்க முடிகிற பொருள் எது என்பதும் நேரக் கணக்கோடு சேர்கிறது. இடியப்பத்தைச் சேமித்து வைப்பதில் விலை இலாபம் இல்லை. மா எப்படியும் தகரத்தில் கெடாமல் இருக்கும். தேங்காய்தான் விலையும் ஏறி இறங்குவது, வேலையும் கூடியது, உடைத்தால் மறுநாளே புளிப்பது. புலம்பெயர்ந்த வீட்டுப் பிறீசரில் இடியப்பத்துக்குப் பக்கத்தில் கிடக்கிற அந்த இன்னொரு பொதி உறைந்த தேங்காய்ப்பூ. கொழுப்பு நிறைந்தது என்பதால் குளிரில் அது மாப்பொருளைப் போல இறுகிக் கெடுவதில்லை. கட்டியைக் கையால் உதிர்த்துச் சம்பலுக்கு நேரே போடலாம், வெந்நீர் விட்டுப் பிழிந்தால் சொதிக்குப் பால் வரும். ரொட்டிக்கு மாவோடு சேர்த்தால் பதினைந்து நிமிடத்தில் ரொட்டி. பிட்டுக்கும் அதுவே. சாட்டியில் ஒரு வீட்டில் சின்னப் பிறிட்ஜ் ஒன்றும் அதன் தலைப்பக்கத்தில் ஒரு சாண் உறையறையும்தான் இருக்கிறது என்று வைத்தால், ஞாயிற்றுக்கிழமை ஆறு தேங்காயைத் திருவி, நாளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கட்டி, தட்டையாக அமுக்கி வைக்க அந்த ஒரு சாண் இடம் தாராளம். அதே இடத்தில் உறைந்த பான்கேக் பெட்டி ஒன்றோ இரண்டோதான் கொள்ளும். அது இரண்டு காலைக்குக் காணாது.